உங்களிடம் இல்லையா, எனக்கு இல்லையா?

"உங்களிடம் இல்லையா சார், எனக்கு இல்லையா?" என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார். ரத்த வங்கியில் வேலை செய்பவர்களிடம் சத்தம் போடுபவர்களும் உண்டு, கெஞ்சுபவர்களும் உண்டு. அவர் இரண்டையும் செய்யவில்லை. ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் கேட்டு வந்திருந்தார். இல்லை என்று சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி. "நாளை காலை வந்துவிடும் டாக்டர்" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு யூனிட் இருந்தது.

அவருடைய நோயாளிக்கு ஹீமோகுளோபின் ஏழுக்குச் சற்று மேலே இருந்தது. ரத்தக் கசிவு நின்றுவிட்டது. நாடியும் ரத்த அழுத்தமும் நன்றாக இருந்தன. எழுந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று படிவத்தில் எழுதியிருந்தார். முன்பெல்லாம் பத்துக்குக் கீழே இறங்கினாலே ரத்தம் ஏற்றுவது வழக்கம். தீவிர சிகிச்சையில் இருந்த 838 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஏழுக்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிப் பார்த்த கனடா ஆய்வு 1999-இல் வெளிவந்தது. குறைவாக ஏற்றியதால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆகவே அந்த நோயாளி காலை வரை காத்திருக்கலாம் என்று நான் நினைத்ததில் தவறில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கீழ்த்தட்டு யாருக்கு என்பதும் தெளிவு. பிரசவத்தில் ரத்தம் கொட்டக் கொட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால், வகை பார்க்கவும் நேரம் இருக்காது. எந்த வகையினருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ்தான் அப்போது கைகொடுக்கும். ஆணென்றால், வயதான பெண்ணென்றால், அவசரத்துக்கு ஓ பாசிட்டிவ் கொடுத்துச் சமாளிக்கலாம். இளம் பெண் ஆர்எச் நெகட்டிவாக இருந்து, அவளுக்கு பாசிட்டிவ் ரத்தம் ஏற்றிவிட்டால், பிறகு அவள் சுமக்கப்போகும் குழந்தையின் ரத்த அணுக்களை அவள் உடலே தாக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் கடைசி இரண்டைத் தொடாமல் வைப்பது. இது நான் ஏற்படுத்திய வழக்கம் அல்ல. எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவரும் இதையே செய்தார்.

அன்றிரவு யாரும் வரவில்லை. காலையில் சரக்கு வந்தது, அந்த நோயாளிக்கு ரத்தம் ஏறியது, சில நாள்களில் வீட்டுக்கும் போய்விட்டார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இதைச் சொல்லித்தான் பல முறை என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால், யாரும் வராத இரவை வைத்து நான் செய்தது சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. எதிரே நின்ற ஒரு நோயாளிக்கு இல்லை என்று சொல்லி, பெயரோ முகமோ இல்லாத இன்னொருவருக்காக எடுத்துவைத்தேன். அந்த இன்னொருவர் வரவே இல்லை.

தரமாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்லிப் பார்த்தவன்தான் நான். இருக்கிறது என்று தெரிந்த அடுத்த நிமிடம் தொலைபேசி அடிக்கும். துறைத் தலைவர் பேசுவார், அவருக்கு மேலே இருப்பவர் பேசுவார். முடிவில் யூனிட் போய்ச் சேருவது யாருக்குப் பேச ஆள் இருக்கிறதோ அவருக்கு. பேச ஆளில்லாதவரின் பங்கைக் காப்பாற்ற 'இல்லை' என்ற ஒரே பூட்டுதான் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தப் பூட்டு என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது. ஏன் தரவில்லை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

விளக்கவேண்டி வந்தவர்களின் கதை ஒன்று உண்டு. 1960-இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு சிறு குழாய் இணைப்பை உருவாக்கினார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய அது வழிவிட்டது. இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், தொழிற்சங்கத் தலைவர், இல்லத்தரசி எல்லாரும் அதில் இருந்தார்கள். வயது, திருமணம், பிள்ளைகள், வருமானம், சொத்து, படிப்பு, வேலை என்று எல்லாவற்றையும் எடைபோட்டார்கள். 1962-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக இது வெளியே தெரிந்ததும் பெரும் கண்டனம் எழுந்தது. தங்களைப் போன்ற மனிதர்களையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. 1972-இல் அமெரிக்க அரசு அநேகமாக எல்லாச் சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவையும் ஏற்கும் சட்டம் கொண்டுவந்தது. குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இயந்திரப் பற்றாக்குறை என்று எல்லாரும் எண்ணியிருந்ததில் பெரும்பகுதி பணப் பற்றாக்குறைதான் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தக் குழுவை நினைக்கும்போது ஒரு பக்கம் எனக்கு ஆறுதல். நான் யாருடைய சொத்தையும் படிப்பையும் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், அவர்களாவது ஏழு பேர். அன்று அந்த மேசையில் நான் ஒருவன்.

அந்தக் கேள்வியைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது பின்னால் நடந்தது. அந்த மருத்துவரின் படிவங்கள் அதுவரை நேர்மையாக இருந்தன. இரண்டு தேவையென்றால் இரண்டு என்று எழுதுவார், ஒன்று போதுமென்றால் ஒன்று. அதற்குப் பிறகு இரண்டு நான்காயிற்று. மூத்த மருத்துவர்கள் எல்லாரும் எழுதுவதைப் போலவே எழுதத் தொடங்கிவிட்டார். நாங்களும் நான்கு என்று பார்த்தால் இரண்டு என்று படித்துக்கொள்கிறோம். இப்போது படிவத்தில் உள்ள எண்ணைப் பார்த்து நோயாளியின் நிலையை அறிய முடிவதில்லை. எழுதியவருக்கு எங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதுதான் தெரிகிறது.

கேட்ட ரத்தமெல்லாம் பொருத்தம் பார்த்து அந்த நோயாளி பெயரில் ஒதுக்கப்படும். ஒதுக்கியதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஏற்றாமல் திரும்பி வருவதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ வீணாகும். செவ்வணுக்களுக்கு அதிகபட்சம் 42 நாள்தான் ஆயுள். பொருத்தம் பார்த்த யூனிட்டுகள் ஏற்றியவற்றைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் துறையின் பொதுவான அளவுகோல். தட்டுப்பாடு வரும் மாதங்களில்தான் அது தாண்டுகிறது. குறைவாக இருக்கும்போதுதான் அதிகமாக முடங்குகிறது. கிடைக்காது என்ற பயமே பாதிக் கிடைக்காமையை உண்டாக்கிவிடுகிறது. அந்தப் பயத்தை ஒரு இளம் மருத்துவருக்குக் கற்றுக்கொடுத்தது என் பதிலா, இந்தக் கட்டடமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எப்படியும் கற்றிருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அப்படித் தோன்றவில்லை.

கையிருப்பை எல்லாரும் பார்க்கும்படி பலகையில் எழுதிவைத்த காலமும் உண்டு. எண் இறங்க இறங்க, தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று படிவங்கள் கூடின. கைவிட்டோம். ஆனால் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தைப் பற்றி, பொதுவளங்களை மக்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரோம் எழுதியதைப் படித்தபோது, நாங்கள் பாதியிலேயே விட்டுவிட்டோமோ என்று பட்டது. குளிர்காலத்தில் தன்னால் தீனி போட்டு வளர்க்க முடிகிற அளவு மாடுகளை மட்டுமே ஒருவர் கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்று 1517-இலேயே அவர்கள் விதி செய்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஊருக்கே தெரியும், மீறினால் அபராதம். நாங்கள் எண்ணை மட்டும் காட்டினோம், விதியைச் செய்யவில்லை.

அதனால் இப்போது ஒரு விதியை எழுதி மேலே கொடுத்திருக்கிறோம். கையிருப்பு தினமும் வார்டுகளுக்குத் தெரிவிக்கப்படும். முந்தைய முறை ஒதுக்கியதில் எத்தனை ஏற்றினீர்கள் என்று குறிப்பிடாமல் புதிய கோரிக்கை ஏற்கப்படாது. அவசரத்துக்கென்று நிறுத்திவைப்பது எவ்வளவு, அதை எடுக்க யார் அனுமதிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கும். அதைப் படித்த இரவுப் பணியாளர் ஒருவர், "அதையும் வெளியே சொல்லிவிட்டால், உண்மையான அவசரத்தில் என்ன செய்வீர்கள் அண்ணா?" என்று கேட்டார். தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும் என்பது அவர் கவலை. எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. அந்த வரியை நான் இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறேன், இரண்டு முறை திரும்ப எழுதியிருக்கிறேன். மேலே போன பிரதியில் அது இருக்கிறது.