ஐ.என்.எஸ். குக்ரி, 1/200 மாதிரி: உடல் முடிந்தது, மோர்ட்டார்களும் ஏறிவிட்டன

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் மூழ்கிய இந்தியப் போர்க்கப்பல் குக்ரியை, அன்று மாலை இருந்த கோலத்திலேயே கட்டுவதுதான் இந்த வேலை. ஏரா (அடி முதுகெலும்பு), வங்கு (குறுக்கு விலாச்சட்டம்), மேல்தட்டு, பாலம் (கப்பலை நடத்தும் மேடை), நீர்மூழ்கிகளைத் தாக்கும் பின்தள மோர்ட்டார்கள் ஆகியவை முடிந்தன. கைப்பிடிக் கம்பி வேலியும் கொடிமரக் கம்பிகளும் பாக்கி.

கட்டத் தொடங்குமுன் படங்களைப் பிரித்து வையுங்கள். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முதலில் வருவது 1989-இல் சேர்ந்த இரண்டாவது குக்ரி. இப்போது டையூவில் அருங்காட்சியகமாக நிற்கும் கார்வெட் என்ற சிறு போர்க்கப்பல். ஏவுகணை, பெரிய முன் பீரங்கி, ஹெலிகாப்டர் தளம் மூன்றும் தெரிந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடலாம். நமக்கு வேண்டியது 1958-இல் சேர்ந்த, பிரிட்டனின் டைப் 14 பிளாக்வுட் வகைப் பிரிகேட் என்ற போர்க்கப்பல். கிர்பானும் குதாரும் அதன் சகோதரிக் கப்பல்கள். உடலமைப்புக்கு அவற்றின் படங்களும் உதவும். ஆனால் 1970-களின் இறுதியில் இவை கடலோரக் காவல்படைக்குப் போனபின் எடுத்த படங்களை வைத்து வண்ணத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

நீளம் 310 அடி, அதாவது 94.5 மீட்டர். மாதிரியில் 472 மி.மீ. அகலம் 33 அடிக்கு 50 மி.மீ. கொஞ்சம் மிஞ்சும். இவ்வளவு ஒல்லியான உடலில் அரை மில்லிமீட்டர் கோணலும் மேலிருந்து பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஏராவை ஒற்றை 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டாமல், இரண்டை ஒட்டி, கண்ணாடிமேல் கனம் வைத்து ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன். வங்குகள் 1 மி.மீ. ஷீட்; சுமார் 23 மி.மீ. இடைவெளி. இடைவெளிகளில் பால்சா கட்டையைச் செருகி உப்புத்தாளால் வங்கின் வளைவுக்கே இழைக்க வேண்டும். இதை விட்டால், மேலே ஒட்டும் பட்டைகள் வங்குகளுக்கு நடுவே உள்வாங்கி, விலா எலும்பு தெரியும் மாடுபோல ஆகிவிடும். புட்டி போட்டு மறைத்தாலும், அது காய்ந்து சுருங்கும்போது பள்ளம் திரும்ப வந்துவிடும்.

பட்டைகள் 0.5 மி.மீ. கனம். நடுவில் 4 மி.மீ. அகலம் போதும். அணியத்தில் (முன்முனையில்) உடல் கீழே குறுகி மேலே வெளிப்புறம் விரிவதால் 2 மி.மீ.க்கு மேல் அகலம் வைத்தால் ஓரம் எழும்பும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒருபக்கம் முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏரா வில்லாக வளையும். கரைப்பான் பசையைத் தாராளமாக ஊற்றினால் ஆவி உள்ளே அடைபட்டு, பல வாரம் கழித்துக்கூட ஷீட் நெளியும். அதைத் தடுக்க ஒவ்வொரு வங்கிலும் 3 மி.மீ. துளை, அமரத்தின் (பின்முனையின்) அடியில் ஒரு வெளியேற்றத் துளை.

அடியில் ஒரே ஒரு சுழலித்தண்டுதான். டைப் 12 பிரிகேட்டின் இயந்திரத்தில் பாதியைப் போட்டு, குறைந்த செலவில் நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டிய வகை இது. இரட்டைத் தண்டு கொண்ட வேறொரு கப்பலின் உதிரிகளை இங்கே மாட்ட முடியாது.

அதிக நேரம் கேட்டது லிம்போ மோர்ட்டார்கள்தான். இரண்டு மோர்ட்டார், ஒவ்வொன்றிலும் மூன்று குழல், குழல் விட்டம் 305 மி.மீ. அளவுக்குச் சுருக்கினால் 1.5 மி.மீ. உள்விட்டம் 1.5, வெளிவிட்டம் 2 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய் கச்சிதமாகப் பொருந்துகிறது. கத்தியை அழுத்தி வெட்டினால் வாய் நசுங்கும். உள்ளே 1.5 மி.மீ. கம்பியைச் செருகிக்கொண்டு, குழாயைக் கத்தியின் கீழ் உருட்டி உருட்டி வெட்ட வேண்டும். ஆறும் ஒரே நீளத்துக்கு வர, ஒரு முனையில் தடுப்பு வைத்த பள்ளக்கட்டை அவசியம். மூன்று மூன்றாகச் சேர்க்க ஈயப்பற்று நல்லது. சூப்பர் க்ளூ போட்டால் வாயைச் சுற்றி வெண்மை பூக்கும். கருப்பு அடித்தாலும் அந்தச் சொரசொரப்பு தெரியும்.

லிம்போவின் எட்டும் தூரம் சுமார் 1,000 கெஜம். இதே அளவில் அது நாலரை மீட்டர். மாதிரியை அறையின் ஒரு மூலையில் வைத்து நாலரை மீட்டருக்கு நூல் பிடித்துப் பார்த்தால், குக்ரியின் கை எதுவரை நீண்டது என்று புரிகிறது. அதன் பிரதான ஆயுதம் அவ்வளவுதான். மற்றவை 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகள். பாகிஸ்தானின் ஹாங்கோர், டாஃப்னே வகை நீர்மூழ்கி, தன்னைத் தேடிவந்த குக்ரியையும் கிர்பானையும் முன்பே கண்டுகொண்டது. கிர்பானை நோக்கி விட்ட டார்பிடோ பலிக்கவில்லை. அடுத்தது குக்ரியின் அடியில் வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்கு ஏணியேறக்கூட நேரம் இல்லை.

போஃபர்ஸ் குழல் 2.25 மீட்டர், மாதிரியில் 11 மி.மீ. 0.5 மி.மீ. ஊசிக்குழாய் போதும். கூம்பு வடிவ முனையைத் தனியாகச் செருகுங்கள். குழாயையே இழைத்தால் மெலிந்து வளையும்.

பாலத்தை மூடிய பெட்டியாகச் செய்துவிடாமல், உள்ளே திசைகாட்டிப் பீடமும் குரல்குழாய்களும் வைத்துத்தான் மூடினேன். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டுப் போக மறுத்து, தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்தவர். அவருக்கு மறைவுக்குப்பின் மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. வெளியே தெரியாவிட்டாலும் அந்த இடத்தை வெற்றாக விட மனம் வரவில்லை.

இந்த அளவில் ஒரு மனிதன் எட்டரை மி.மீ. தீப்பிழம்பு, சாயும் கப்பல், நீரில் தத்தளிக்கும் உருவங்கள் என்று காட்சியமைக்கலாம்தான். அதை நான் விரும்பவில்லை. ஓடும் கப்பலாகவே நிற்கட்டும். பீடத்தின் பித்தளைத் தகட்டில் தேதி, இடம், அதன்கீழ் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் என்று பொறிக்கக் கொடுத்தாயிற்று.

வண்ணத்தில் ஒரு எச்சரிக்கை. உண்மைக் கப்பலின் சாம்பலை அப்படியே பூசினால் சிறு மாதிரி இருண்டுபோகும். பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேர்க்க வேண்டும். நீர்மட்டக் கருப்புப் பட்டையை முதலில் அடித்து, ஒட்டுநாடாவால் மூடி, பிறகு மேலே சாம்பல், கீழே சிவப்பு. இந்த வரிசை மாறினால் மூன்று முறை நாடா ஒட்ட வேண்டிவரும்.

அடுத்தது எட்ச் (அமிலத்தால் அரித்தெடுத்த) பித்தளைக் கம்பி வேலி. கொடிமரக் கம்பிகளை முதலில் கட்டிவிட்டு, வேலியை அமரத்திலிருந்து அணியம் நோக்கிப் போடப் போகிறேன். வேலி முன்னால் வந்துவிட்டால், கம்பி கட்டும்போது மணிக்கட்டு பட்டு வளையாத இடமே இருக்காது.