இடப்பக்கத்துப் பின் லைற்

மே 3
மழை. ஜிஎம்சியின், அந்தப் பழைய அமெரிக்க இராணுவ லொறியின், முன் லைற் இரண்டையும் கழற்றினேன். கண்ணாடி வேறு, பல்ப் வேறு, அதுவும் மஞ்சள். 1944இல் நோர்மண்டியில் இறங்கிய லொறிக்கு இது பொருந்தாது. அமெரிக்கன் பூட்டியது சீல்ட் பீம், கண்ணாடியும் இழையும் ஒரே உடல், 6 வோல்ட். மஞ்சள் வெளிச்சம் 1993 வரை இங்கே பிரான்சில் சட்டம். போர் முடிந்த பிறகு பிரெஞ்சு இராணுவம் மாற்றியிருக்கிறது. சொன்னதும் லொறிக்காரக் கிழவரின் முகம் விழுந்துவிட்டது.

மே 4
அக்கா போன் எடுக்கவில்லை.

மே 7
பின் லைற்தான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. வெளியே பார்த்தால் இடதும் வலதும் இரட்டைப் பிள்ளைகள். இடதில் மேலே வழக்கமான சிவப்பும் பிரேக்கும், கீழே இருட்டடிப்பு லைற், எதிரி விமானத்துக்குத் தெரியாமல் இரவில் ஓட மங்கலாக எரிவது. வலதில் மேலேயும் இருட்டடிப்புப் பிரேக்தான், கீழேயும் இருட்டடிப்புத்தான். ஆகவே சாதாரண ஓட்டத்தில் வலப்பக்கம் ஒன்றுமே எரியாது. இப்போது இரண்டு இடதுகளைப் பூட்டிவிட்டு ஒறிஜினல் என்று விற்கிறார்கள். ரோட்டுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒறிஜினல் என்று சொல்லாதே.

கீழே இருக்கும் இந்த இருட்டடிப்புப் பூனைக்கண் லைற்றை யோசித்தவன் கெட்டிக்காரன். பின்னால் வருகிறவனுக்கு 60 அடிக்குள் இரண்டு சோடிப் புள்ளிகள் தெரியும். 180 அடி வரை ஒரு சோடி. அதற்கும் அப்பால் ஒற்றைப் புள்ளி. இரண்டு சோடி தெரிந்தால் பின்வாங்கு, ஒற்றையானால் எட்டிப் பிடி. 1944 ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை போர்முனைக்குச் சாமான் கொண்டுபோன அமெரிக்க ரெட் போல் அணியின் லொறிகள் பெட்ரோலும் ஷெல்லும் ஏற்றி இந்தப் பக்கத்து ரோடுகளில்தான் ஓடின. சாரதிகளில் பெரும்பாலானோர் கறுப்பின அமெரிக்கர்கள்.

மே 9
இடது லைற்றை ஓரமாகச் சுரண்டினேன். மேலே பிரெஞ்சுப் பச்சை. அதற்குக் கீழே வேறொரு பச்சை. அடியில் பளபளப்பே இல்லாத ஒலிவ். மூடியில் சி-பி: சின்சினாட்டியின் கோர்க்கரன்-பிரவுண் கம்பனி. ஸ்குறூவுக்கு என் மெட்ரிக் நட் ஏறவில்லை, அங்குலப் புரி. சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வலது போலி. எழுத்து நேற்று அடித்த மாதிரிக் கூராக இருக்கிறது, ஸ்குறூ மெட்ரிக்.

மே 12
ஜூன் 6க்கு, நோர்மண்டியில் இறங்கிய நாளின் நினைவுக்கு, எல்லாமே 1944 ஆக இருக்க வேண்டுமாம். இந்த லொறி அமெரிக்கனிடம் இருந்ததைவிடப் பிரெஞ்சுக்காரனிடம் இருந்த காலம்தான் கூட. மஞ்சள் லைற்றையும் இராணுவம்தானே பூட்டியது? அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிய சாமானைப் பூட்டினால் அது எந்த வருடத்து லொறி? கிழவரிடம் கேட்டேன். காசு கொடுப்பவன் நான் என்றார். சரி.

மே 13
அம்மாவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லையாம். "நீ ஓடி வராதை தம்பி, சொல்லுறன்" என்றா அக்கா. எப்போது சொல்லுவா?

மே 15
6 வோல்ட் பற்றரியில் இடதை எரித்துவிட்டு முற்றத்தில் பின்னுக்கு நடந்தேன். இரண்டு சோடி ஒரு சோடியானது. ஒற்றைப் புள்ளியாகும் தூரத்துக்கு முற்றம் போதவில்லை, ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். போலி எங்கே நின்று பார்த்தாலும் ஒரே சிவப்புக் கறை.

மே 16
தூக்கமில்லை.

மே 18
பெல்ஜியத்திலிருந்து வலது லைற்றின் படம் வந்தது. மெட்ரிக் ஸ்குறூ. வேண்டாம் என்று எழுதினேன். ரிக்கற் போட்டாச்சு, வியாழன். கிழவருக்கு இன்னும் சொல்லவில்லை.