கட்ட நோட்டு, இரண்டு சின்னக் கோடு, ஒருவழியாக ஒழுங்கான அரிகதோ

நேற்று கொம்பினி (ஜப்பானின் தெருமுனைச் சிறு பல்பொருள் கடை) கல்லாவில் ஒரு முழுப் பேச்சும் ஜப்பானிய மொழியிலேயே நடந்து முடிந்தது. பெந்தோவை, அதாவது டப்பாச் சாப்பாட்டைச் சூடு பண்ணவா? ஒனெகை ஷிமஸ் (தயவுசெய்து). பை வேண்டுமா? தைஜோபு தெஸ் (பரவாயில்லை, வேண்டாம்). சாப்ஸ்டிக் எத்தனை? ஃபுதத்ஸு (இரண்டு). அவ்வளவுதான், ஆனால் கல்லாவில் இருந்த பெண் ஒரு தடவைகூட அந்தப் படம் போட்ட அட்டை பக்கம் விரலை நீட்டவில்லை, முகத்தைச் சுருக்கவில்லை, ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. இங்கே தோக்கியோவில் கொம்பினியில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் நேபாளம், வியட்நாமிலிருந்து வந்த மாணவர்கள், அவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. ஸுமிமஸென் (மன்னிக்கவும்), ஒனெகை ஷிமஸ், ஷித்ஸுரேய் ஷிமஸ் (தொந்தரவுக்கு மன்னிக்கவும்) எல்லாம் இதைக் கற்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே மனப்பாடம். மனப்பாடமாக இருந்தும் ஏன் எதிரில் இருப்பவருக்குப் புரிவதில்லை என்பதுதான் கேள்வி. வார்டு அலுவலகம் பக்கத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புக்குப் போகிறேன், அங்கே சொல்லித்தருகிற அம்மா ஒலிக்கு ஒன்றாகப் பென்சிலால் மேசையில் தட்டுவார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அவர் தட்டி முடிப்பதற்குள் நான் முடித்திருப்பேன். சிரித்துக்கொண்டே "ஒரு தட்டு குறைகிறது" என்பார். எந்தத் தட்டு என்று சொல்லமாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தட்டைப் பிடிக்கத்தான் கட்ட நோட்டு. ஜப்பானியப் பிள்ளைகள் எழுத்துப் பழகும் பெரிய கட்டம் போட்ட நோட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிலுவை மாதிரி புள்ளிக்கோடு இருக்குமே, அதேதான். ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இதுவரை நமக்கு லட்டு மாதிரி, குறில் ஒரு மாத்திரை நெடில் இரண்டு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி, இந்த வித்தியாசத்தில் என் பக்கத்து நாற்காலி ஆஸ்திரேலியக்காரர் மூச்சுத் திணறும்போது நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சிக்கல் மெய்யெழுத்தில் வருகிறது. நமக்கு மெய் என்றால் அரை மாத்திரை, அவர்களுக்கு ன் தனியாக வந்தால் முழுக் கட்டம். கொன்னிசிவ (வணக்கம்) என்பதில் கொ, ன், னி, சி, வ என்று ஐந்து கட்டம், ஐந்தும் ஒரே அகலம். சொத்தொ (கொஞ்சம்) என்றால் சொ, த், தொ என்று மூன்று, நடுவில் இருக்கும் த் வெறும் மௌனம்தான், ஆனால் அந்த மௌனத்துக்கும் ஒரு தட்டு உண்டு. ஹைக்கூவின் 5-7-5 கணக்கும் இதே தட்டுகளை வைத்துத்தான்.

அடுத்தது வல்லினம். ஹிரகானாவிலேயே, அதாவது ஜப்பானிய எழுத்திலேயே எழுதிவிடலாமே என்று யாராவது சொல்வீர்கள். படிக்க வருகிறது, ஆனால் கல்லா முன்னால் நிற்கும்போது மனதில் முதலில் வந்து நிற்பது தமிழ் எழுத்துதான், அதை ஏன் விரட்டுவானேன்? ரோமன் எழுத்து வேண்டவே வேண்டாம், நெடிலை விழுங்கிவிடும். தமிழில் எழுதினால் நெடில் பிழைக்கும், ஆனால் நடுவில் வரும் ஒற்றை வல்லினம் மெலிந்துவிடும். சாப்பிடும் முன் சொல்கிற இததகிமஸ் என்பதை எழுதிப் பாருங்கள், நம் நாக்கு எல்லா த-வையும் ஒரேயடியாக மெத்தென்று ஆக்கி, கி-யையும் சேர்த்துக் குழைத்துவிடும். சரி, அழுத்தமாகச் சொல்லலாம் என்று இரட்டித்தால் இத்தத்தக்கிமஸ் ஆகி, தேவையில்லாமல் மூன்று கட்டம் கூடிவிடும். அழுத்தமாகவும் இருக்க வேண்டும், ஒற்றையாகவும் இருக்க வேண்டும், அதற்கு நம் எழுத்தில் வழியே இல்லை.

வழி அவர்களிடமே இருந்தது. ஹிரகானாவில் க-வின் தோளில் இரண்டு சின்னக் கோடு இழுத்தால் மெலிந்த க ஆகிவிடும். தகுதென் என்று பெயர், பேச்சில் தென்தென். அதை அப்படியே தமிழ் எழுத்துக்கு மேல் போட்டுவிட்டேன். கோடு இருந்தால் மெலிவு, கோடு இல்லாவிட்டால் வார்த்தையில் எங்கே வந்தாலும் அழுத்தம், தமிழ்ப் பழக்கம் இங்கே செல்லாது. இப்போது கட்டத்துக்குள் இ|த|த″|கி|ம|ஸ். முதல் த முகத்தில் அறைகிற மாதிரி, இரண்டாவது குழைவு. அரிக″தோ (நன்றி) என்றால் அ|ரி|க″|தொ|ஒ, ஐந்து கட்டம். நம்மூரில் அச்சாகும் அரிகாட்டோவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், க-வை வீணாக நீட்டி, த-வை ட ஆக்கி அதையும் இரட்டித்திருக்கிறோம். ஒசாகா இன்னும் மோசம், அங்கே நீள வேண்டியது முதல் எழுத்து மட்டும்தான், மீதி இரண்டும் குறில்.

என்னை உண்மையிலேயே பாடாய்ப் படுத்தியது வாக்கியக் கடைசியில் வரும் ஸு. தெஸ், மஸ் என்றுதான் தோக்கியோக்காரர்கள் சொல்கிறார்கள், உகரம் காற்றாகப் போய்விடுகிறது. நம் குற்றியலுகரத்தை இன்னும் தேய்த்தால் வருகிற மாதிரி. உகரம் போனாலும் கட்டம் போவதில்லை, அதுதான் விஷயமே. தெஸ் என்றால் இரண்டு கட்டம், இரண்டாவது கட்டம் முழுக்க ஸ் என்ற சீறல் மட்டும். தமிழ் நாக்கு ஸ்-ஐப் பார்த்ததும் அரை மாத்திரையில் கத்தரித்துவிட்டு மூடிக்கொள்ளும், பென்சில் தட்டு அங்கேதான் அந்தரத்தில் நின்றது. அந்தக் கட்டத்தில் ஸு எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் என்றால் குரல் வேண்டாம், நேரம் மட்டும் கொடு. ஸுகொஷியில் (இதுவும் கொஞ்சம்தான்) முதல் எழுத்துக்கும் வட்டம், ஷித்ஸுரேயில் ஷி-க்கும் வட்டம். அப்புறம் கொஞ்சம் பிடிபட்டது, க, ச, த, ப போன்ற குரலில்லாத ஒலிகளுக்கு நடுவில் இகரமோ உகரமோ மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் காற்றாகிவிடும். ஒசாகா பக்கத்து ஆட்கள் இதே உகரத்தை நன்றாக ஒலித்துச் சொல்வார்கள், அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பழகினால் வகுப்பில் பென்சில் நிற்கும்.

பழகுவதற்குக் கொம்பினியை மிஞ்சிய இடம் இல்லை. 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு என்று ஆனதால் ஒவ்வொரு தடவையும் பை வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும், தைஜோபு தெஸ் சொல்ல நமக்கு இலவசப் பயிற்சி. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினால் ஒரு தடவை. தோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகஸாயில் இருப்பவர்கள் இந்திய மளிகைக் கடையோடு நின்றுவிடாதீர்கள், அங்கே ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசியே காலம் ஓடிவிடும்.

நோட்டு நூறு யென் கடையிலேயே கிடைக்கும், வரியோடு 110. தாள் மெலிது, மறுபக்கம் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஜபோனிகா நோட்டு தாள் நன்றாக இருக்கிறது, விலை கூடத்தான், அட்டையில் பூ படம் வேறு, நாற்பது வயதில் அதை ரயிலில் விரித்து வைத்து எழுதினால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். கட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, கோடும் வட்டமும் போட இடம் வேண்டும். பேனா பைலட்டின் ஃபிரிக்ஷன், தேய்த்தால் அழியும். அழிவது சூட்டால்தான், 60 டிகிரி பக்கம் போனாலே மை மறைந்துவிடும், அதனால் நோட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். கேட்பதற்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் இரோதோரி பாடங்களின் ஒலிப்பதிவு போதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டே வருகிறேன்.

இன்னும் மசியாதது ஃபுதத்ஸு. ஃபு-வுக்குப் பல் உதட்டில் படக்கூடாது, இரண்டு உதட்டுக்கும் நடுவே ஊத வேண்டும், அதோடு அதுவும் வட்டம் போட்ட எழுத்து, கடைசி த்ஸு ட்ஸு ஆகாமல் பார்க்க வேண்டும். நேற்று புரிந்துகொண்டாள் என்றால் நான் இரண்டு விரலையும் காட்டினேன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அரிக″தோவோடு சேர்த்துச் சொல்லும் கொ″ஸை″மஸில் வரும் அந்த ரீங்கார ஸ-வும் பாதிதான் வருகிறது, ஐந்து கட்டம் சரி, ஒலி சரியில்லை.

இவை முடியாமலே அடுத்ததில் கை வைத்துவிட்டேன், ஏற்ற இறக்கம். தோக்கியோப் பேச்சில் ஹஷி என்பதில் ஹ மேலே போய் ஷி இறங்கினால் சாப்ஸ்டிக், ஹ கீழே இருந்து ஷி ஏறினால் பாலம். கட்டத்துக்கு மேல் ஒரு கோடு இழுத்து ஏறும் இடம், இறங்கும் இடம் என்று குறித்துப் பார்க்கிறேன், ஆனால் தென்தென், வட்டம், இப்போது இந்தக் கோடு என்று கட்டம் நிரம்பி வழிகிறது. பச்சை மையில் ஏற்ற இறக்கத்தை மட்டும் தனியாகப் போடலாமா என்று யோசனை. கட்டம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் நோட்டு எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கினோகுனியா புத்தகக் கடையில் பார்த்ததெல்லாம் சிறிசுதான்.