பத்துக் கிலோ

"பத்துக் கிலோ, ரீச்சர்" என்று நான் சொன்னபோது தண்டில் உண்மையில் இருந்தது ஏழரைதான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சி செய்பவர் என்பதும், நான் இரண்டு தட்டுகளைக் கழற்றிய நேரம் தண்ணீர் குடிக்கத் திரும்பியிருந்தார் என்பதும் எனக்கு வசதியாகப் போயின.

கணவர் போன பின்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியே இருப்பவர், வயது 71. அரிசிப் பையை மேலே கொண்டுவர அடுத்த வீட்டுப் பையனைக் காத்திருப்பதுதான் முழங்கால் வலியைவிட அவரை அதிகம் வாட்டியது. 65 வயதைக் கடந்தோரும் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைச் சொல்லித்தான் இணங்கவைத்திருந்தேன். ஆனால் இரண்டு வாரமாகப் பத்துக் கிலோவைப் பாதி உயரத்தில் விட்டுவிட்டு, "எனக்கு இனி ஏலாது, பிள்ளை" என்றார். அந்த 'இனி'யைக் கேட்ட பின்புதான் தட்டுகளைக் கழற்றினேன்.

அன்று தூக்கினார். கனடாவிலுள்ள மகனுக்கு அங்கிருந்தே அழைப்பெடுத்து, "பத்துக் கிலோவடா!" என்றார்.

வலுப்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்றும், அந்தக் குறைவுக்கும் வலு எவ்வளவு கூடியது என்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றும் 33 பரிசோதனைகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் எடை எதுவாயிருந்தால் என்ன என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் அது முதிய பெண்களை மட்டும் பார்த்த ஆய்வன்று. பொய் சொல்லலாமா என்று அது கேட்கவுமில்லை. தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்குத் தானே செய்து முடித்த அனுபவம்தான் வலிய ஊற்று என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். ஏழரையைத் தூக்கியதும் அவருடைய கைதானே? 'இன்று ஏழரை செய்வோம்' என்று சொல்லியிருக்கலாம். எடையைக் குறைப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. சனி பிடித்த எண் என்று ரீச்சர் சிரித்துக்கூட இருப்பார். நான்கு மாத உழைப்புக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது அவருக்கா, எனக்கா என்பதில்தான் என் வாதம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறது.

ஆறு வாரங்களின் பின் உண்மையான பத்தைத் தூக்கினார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "அடுத்தது என்ன, பிள்ளை?" என்றார். யாருக்கும் அழைப்பெடுக்கவில்லை. என்னைத் தவிர அங்கு எவரும் மகிழவில்லை. எனக்கும் அதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லை.

அவரது பதிவுக் கொப்பியில் அந்த முதல் நாளுக்கு எதிரே 7.5 என்றுதான் எழுதியிருக்கிறேன். கொப்பியைப் பார்க்க அவர் இதுவரை கேட்டதில்லை.