பச்சைத் தண்ணியும் பாத்ரூம் சாவியும்

"பச்சைத் தண்ணி குடிச்சாலும் எனக்கு உடம்பு வைக்குது டீச்சர்." எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதை யாராவது சொல்லாமல் ஒரு வாரம் கழிவதில்லை. எதிர் மேசையிலிருந்து உடனே பதில் வரும்: "தண்ணி குடிச்சாத்தான் உடம்பு குறையும்னு யூடியூப்ல சொல்றாங்களே." இரண்டு பேர் கையிலும் கடலை மிட்டாய் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்து ஸ்டாஃப் ரூமில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் கணக்கு டீச்சர். இந்த வழக்கில் இரண்டு தரப்புமே கணக்குப் போடவில்லை என்பது என் கட்சி.

முதலில் பச்சைத் தண்ணி. அதில் கலோரி பூஜ்யம். ஒரு லிட்டர் குடித்துவிட்டு எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடக் காட்டும், உண்மைதான். கொஞ்ச நேரத்தில் அது வந்த வழி போய்விடும். ராத்திரி ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டால், அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுநாள் காலையில் முள் சற்று மேலே நிற்கும். அதுவும் கொழுப்பு இல்லை. இதே கணக்கு தலைகீழாகவும் நடக்கும். சோற்றைத் திடீரென்று குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது என்று குதிக்கிறோமே, அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரை வைத்திருக்கிறது. இது கரையும்போது அதுவும் வெளியேறுகிறது.

அடுத்து யூடியூப் கட்சி. தண்ணீர் குடித்தால் உடம்பு கலோரியை எரிக்கும் என்ற பேச்சு அந்தரத்தில் முளைத்ததல்ல. 2003-ல் பெர்லினில் செய்த ஓர் ஆய்வில், அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு வளர்சிதை மாற்ற வேகம் 30 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். 30 சதவீதம் என்றதும் தலைப்பு போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வின் கணக்கிலேயே மொத்தமாக எரிந்தது சுமார் 100 கிலோஜூல், அதாவது 24 கலோரி. அரை இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் சுவிட்சர்லாந்தில் வேறு சிலர் செய்து பார்த்தபோது வெறும் தண்ணீரில் அந்த அளவு விளைவு கிடைக்கவே இல்லை.

ஆராய்ச்சியை விடுங்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் 25 டிகிரி என்று வைப்போம். உடம்பு அதை 37-க்குச் சூடாக்க வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி, அதாவது நாம் சாப்பாட்டில் கலோரி என்று சொல்லும் ஒன்று. அப்படியானால் லிட்டருக்கு 12. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7700. வகுத்தால் 640 லிட்டர் சொச்சம். 20 லிட்டர் கேனில் 32 கேன். கேன் 35 ரூபாய் என்றால் 1120 ரூபாயில் ஒரு கிலோ கொழுப்பு. சீப்புதான், குடிக்கத்தான் ஆள் கிடைக்காது. ஐஸ் தண்ணீராக இருந்தால் பத்துப் பதினொரு கேனில் முடியும். அதற்குள் தொண்டை போய்விடும், வகுப்பு எடுக்க முடியாது.

சரி, அப்படியென்றால் தண்ணீரால் பயனே இல்லையா? இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 55 முதல் 75 வயதுக்குள் 48 பேரைச் சேர்த்து 12 வாரம் பார்த்தார்கள். எல்லோருக்கும் குறைந்த கலோரிச் சாப்பாடு. ஒரு பகுதியினர் மட்டும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்குச் சுமார் இரண்டு கிலோ கூடுதலாகக் குறைந்தது. 2015-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 84 பேரை வைத்து இதே மாதிரி ஒன்று. அங்கே ஒரு அணி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் குடிக்க வேண்டும். மற்ற அணி, வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்! 12 வாரத்தில் தண்ணீர் அணிக்கு 1.3 கிலோ கூடுதலாகக் குறைந்தது. கற்பனை அணிக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வர்ஜீனியாவில் இரண்டு அணியும் சாப்பாட்டைக் குறைத்திருந்தது. தண்ணீர் செய்தது, குறைப்பதை எளிதாக்கிய வேலை. அதுவும் வயதானவர்களிடம் இது நன்றாக நடக்கிறது, இளவட்டங்களுக்கு வயிறு சீக்கிரம் காலியாகிவிடுவதால் அவ்வளவாக நடப்பதில்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது ஒரு நல்ல செய்தி.

ஆனால் எனக்குக் குறைந்த எடைக்கு இதைவிடப் பெரிய காரணம் டீ. டாக்டர் "சர்க்கரை பார்டர்ல இருக்கும்மா" என்று சொன்ன பிறகு ஒரு தாளை எடுத்து என் நாளை எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் நாளுக்கு நான்கு டீ. ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சீனி, அதாவது பத்துக் கிராம், 40 கலோரி. பாலைச் சேர்க்காமலே நாளுக்கு 160. மாதத்தில் 25 வேலை நாள் என்றால் 4000. தாளில் அது அரைக் கிலோ கொழுப்பு. உடம்பு தாளில் போட்ட கணக்குப்படி அப்படியே நடந்துகொள்ளாது, தெரியும், ஆனாலும் கேனைச் சுமப்பதைவிட இந்த வழி நியாயமாகப் பட்டது. பஸ் ஸ்டாண்டில் குடிக்கும் கலர் தனி. பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 100 மில்லிக்குப் பத்துக் கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கும். தண்ணீர் உடம்பில் கொழுப்பைக் கரைப்பதில்லை. இவை உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே.

அப்படியானால் டீயை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டியதுதானே? அங்கேதான் சாவி வருகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் பெண் ஆசிரியர்கள் பதினோரு பேருக்கு ஒரே கழிப்பறை. மைதானத்தின் கடைசியில், சைக்கிள் ஷெட்டைத் தாண்டி. சாவி ஆபீஸ் ரூமில் ஓர் ஆணியில் தொங்கும். அங்கே கிளார்க் சார் இருப்பார், இரண்டு ஆசிரியர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள், சில நாள் டி.சி. வாங்க வந்த பெற்றோர் நிற்பார்கள். எல்லார் முன்னாலும் போய் அந்தச் சாவியை எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போய்த் திறந்தால் குழாயில் காற்று வரும். திரும்பி வந்து வாளிக்கு ஆயாவைத் தேட வேண்டும். அதற்குள் அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிடும், 8-ஆம் வகுப்பு பி பிரிவு மேசையின் மேல் ஏறியிருக்கும்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த தீர்வு, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. எல்லோர் மேசையிலும் பாட்டில் இருக்கும், அலங்காரத்துக்கு. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். கோடையில் யாருக்காவது நீர்க்கடுப்பு வரும், சில பேருக்கு அது யூரின் இன்ஃபெக்ஷனாகி மாத்திரையில் போய் நிற்கும். புதிதாக வந்த ஒரு சயின்ஸ் டீச்சர் முதல் நாள் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்ததைப் பார்த்து, சீனியர் அக்கா ஒருவர், "ஏ பிள்ள, பாத்துக் குடி" என்று எச்சரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் குடிக்க முடியாத இடத்தில் டீ எப்படி உள்ளே வந்தது என்று யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது. கடை டீ கண்ணாடி டம்ளரில் நூறு மில்லிகூட வராது. வாய் நனையும், தலைவலி அடங்கும், சீனி கொஞ்சம் தெம்பு தரும், சைக்கிள் ஷெட் வரை நடக்க வைக்காது. ஆகவே நான்கு டீ. சாயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் காய்ந்து வீட்டுக்குள் நுழையும்போது இன்னொரு டீ, கூடவே மிக்சர். அத்தை, "இப்படித் தின்னா ராத்திரி எப்படிச் சாப்பிடுவ?" என்பார்கள். ராத்திரியும் சாப்பிடுவேன். தாகத்தை மூளை பசி என்று குழப்பிக்கொள்ளும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடந்தவள் சாயந்திரம் ஆறு மணிக்கு அளவோடு சாப்பிட மாட்டாள் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

மாற்றலாகி இப்போதைய பள்ளிக்கு வந்தபோது மாடியிலேயே ஆசிரியைகளுக்குத் தனியாக ஒரு கழிப்பறை, குழாயில் தண்ணீரோடு. யாரிடமும் கேட்க வேண்டாம், சாவி உள்ளே தாழ்ப்பாளாக இருக்கிறது. எந்த டயட்டும் தொடங்கவில்லை. மதியத்துக்குள் பாட்டில் தானாகக் காலியானது, டீ இரண்டாக இறங்கியது, பிறகு அதில் ஒன்று சீனி இல்லாமல். 78 கிலோவிலிருந்து இப்போது 71. முழுப் புகழும் தண்ணீருக்கு இல்லை, மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைந்திருக்கிறது, காலையில் ஸ்டேஷன் ரோட்டில் நடக்கிறேன்.

2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாட்டர் பெல் கொண்டு வந்தார்கள். மணி அடித்தால் பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல திட்டம். அரை மணி நேரம் கழித்து வகுப்பில் இருபது விரல் உயரும், "மிஸ், பாத்ரூம்." அனுப்ப வேண்டும். அந்த மணி முழுமையாக வேலை செய்ய வேண்டுமென்றால் பிள்ளைகள் போகுமிடத்தில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பலர் எங்களைப் போலவே வாயை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடுவதைப் பார்க்கிறேன்.

ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்கிறார்களே, அதைக் கேட்பவர்களுக்கு: 1945-ல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று பெரியவர்களுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியது. கூடவே இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. எட்டு டம்ளர் அங்கிருந்துதான் கிளம்பியது என்று பலர் சொல்கிறார்கள், அந்த வரி மட்டும் வழியில் விழுந்துவிட்டது. நம் சாப்பாட்டைப் பாருங்கள்: ரசம், மோர், சுரைக்காய்க் கூட்டு, புடலங்காய், கம்மங்கூழ். 1999-ல் பென்சில்வேனியாவில் 24 பெண்களுக்கு ஒரே சோற்றுப் பண்டத்தை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: வெறுமனே, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, அதே தண்ணீரைச் சேர்த்து சூப்பாக. சூப் குடித்த நாளில்தான் பின்னால் சாப்பிட்டது குறைந்தது. பக்கத்து டம்ளர் ஒன்றும் செய்யவில்லை. ரசத்தை முதலில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சோற்றில் கை வைக்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகு வந்தது.

வெந்நீரில் எலுமிச்சை, தேன் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரிக்கு மேல், என் பழைய டீயின் சீனியைவிட அதிகம். அதைக் கணக்கில் எழுதிக்கொண்டு குடியுங்கள்.

எங்கள் வீட்டில் மாமாவுக்கு இதயக் கோளாறு. டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறார், காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுவோம், ரசமும் மோரும் அந்தக் கணக்கில்தான். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் இப்படி அளவு சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது என்று காலையில் ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவர்களுடைய டாக்டரிடம் கேளுங்கள். நல்ல உடம்புக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் அளவு மீறிப் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரை போகும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது.

"சாப்பிடும்போது குடிச்சா ஜீரணம் கெட்டுடுமா டீச்சர்?" என்று போன வாரம் அந்தச் சயின்ஸ் டீச்சரே போனில் கேட்டாள். கெடாது, வேண்டிய அளவு குடி என்றேன். அந்தப் பழைய பள்ளியில் இப்போது மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறைக் குழாய் பற்றிப் பேசப் போகிறாளாம். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.