கிழக்கே போன தண்ணீர்

தவக்காலத்து நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைப் பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்குப் போனேன். அம்மா கையில் வழக்கம்போல ஒரு வெறும் போத்தல், தீர்த்தம் நிரப்பி வருவதற்கு.

அன்றைய பூசையின் முதல் வாசகம் திருவிவிலியத்தில் எசேக்கியேல் நூலின் 47ஆம் அதிகாரம், இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட ஒரு காட்சி. ஒவ்வொரு வருடமும் இந்தச் செவ்வாய்க்கு இதே வாசகம்தான். ஆனால் பெயரிலேயே ஊற்றை வைத்திருக்கும் ஊரில் இருந்து கேட்டது இதுதான் முதல் தரம்.

கோவில் வாசற்படிக்கு அடியில் இருந்து தண்ணீர் புறப்பட்டுக் கிழக்கே போகிறது. அளவுநூலோடு போகிறவர் ஆயிரம் முழம் அளந்து இறைவாக்கினரை அதில் நடத்துகிறார், கணுக்கால் நனைகிறது. இன்னும் ஆயிரம், முழங்கால். இன்னும் ஆயிரம், இடுப்பு. நாலாவது ஆயிரத்தில் நீந்துகிற ஆழம். நடந்து கடக்க முடியாது. இடையில் வேறு ஆறு வந்து சேர்ந்ததாகவோ மழை பெய்ததாகவோ ஒரு வரி இல்லை. நம் மகாவலி கொட்டியாரக் குடாவுக்கு வருவதற்குள் எத்தனை ஆறுகளை வாங்கிக்கொண்டு பெருக்கிறது! இந்தத் தண்ணீரோ போகப் போகத் தானாகவே ஆழமாகிறது. இறைவனின் அருள் அப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

எசேக்கியேல் இதைக் கண்டது பாபிலோனில், நாடு கடத்தப்பட்ட 25ஆம் ஆண்டில். எருசலேம் விழுந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே இருந்த கோவில் எரிந்து இடிந்துபோய்விட்டது. அப்படியிருக்க, ஒரு கோவிலின் வாசற்படியில் ஊற்றைக் காண்கிறார்! இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைப் பார்த்தவர்கள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்தத் தண்ணீர் போய் விழுவது சாக்கடலில். சாதாரணக் கடலைவிடச் சுமார் பத்து மடங்கு உப்பு, மீன் வாழாது. தண்ணீர் பட்டதும் அந்தக் கடல் நல்லதாகிறது. ஏன்கேதிக் கரையில் மீனவர்கள் வலை விரித்துக் காயப்போடுகிறார்கள்.

கடல் நல்லதாகிறது என்று வாசித்தபோது அம்மா என் கையைப் பிடித்தார். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்ப விழா. அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. சின்னம்மா வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா கடலில் கால் வைத்ததே இல்லை. திருவிவிலியத்திலும் கடல் பல இடங்களில் பயத்தின் அடையாளம்தான். தானியேல் கண்ட நான்கு விலங்குகளும் கடலில் இருந்து ஏறி வருகின்றன. திருவெளிப்பாடு 21இல் புதிய வானமும் புதிய மண்ணும் வரும்போது கடல் இல்லாமற்போகிறது. எசேக்கியேலின் காட்சியில் அந்தக் கடலுக்கும் சுகம் உண்டு. கோவில் தண்ணீர் அதைத் தேடிப் போகிறது.

சதுப்புகள் மட்டும் உப்பாகவே விடப்படும் என்று ஒரு வரி வரும். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதுவும் கருணையாகத்தான் படுகிறது. உப்பில்லாமல் என்ன சமையல், என்ன பலி?

அன்றைய நற்செய்தி யோவான் 5, இறங்கினால் சுகம் வரும் என்று நம்பப்பட்ட பெத்சதா குளத்தடியில் கிடந்தவர். 38 வருடம் நோய். தண்ணீர் பக்கத்திலேயே, இறக்கிவிடத்தான் ஆளில்லை. இயேசு அவரைக் குளத்தில் இறக்கவில்லை, எழுந்து நடக்கச் சொன்னார். கோவில் என்று இயேசு சொன்னது தம் உடலையே என்று அதே யோவான் முன்பே எழுதியிருக்கிறார். சிலுவையில் அவர் விலாவைக் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் வடிந்தன. எசேக்கியேல் கண்ட வாசற்படி அதுதான். இதை எழுதும்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பூசை முடிந்து மாதாவின் குகையான கெபியடியில் மெழுகுதிரி கொளுத்தினோம். 1858இல் பிரான்சின் லூர்தில், மாதாவைக் காட்சியில் கண்ட சிறுமி பெர்னதெத் ஊற்றுக்காகக் கையால் தோண்டியபோது முதலில் வந்தது சேறுதான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில், "டச்பே பக்கம் போட்டு வருவமே, தம்பி?" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கரையில் செருப்பைக் கழற்றினார். என் தோளைப் பிடித்தபடி நாலு அடி வைத்தார். அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது.

"ஆயிரம் முழமெண்டால் எவ்வளவு தூரம்?"

"அரைக் கிலோமீற்றர் வருமம்மா."

போத்தலைத் திறந்து தீர்த்தத்தில் கொஞ்சத்தைக் கடலில் ஊற்றினார். மூடியை இறுக்கிக்கொண்டு, "மிச்சம் சின்னம்மாவின்ர பிள்ளையளுக்கு" என்றார்.