சுண்ணாம்பு வாடை தேடிப் பங்சாருக்கு

கோலாலம்பூரில் அது நான்காம் நாள். முந்தைய மூன்று நாளும் அக்கா வீட்டில் மீன்குழம்பு, ரசம், மறுபடியும் மீன்குழம்பு. தமிழர் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கினால் திருச்சியை விட்டுக் கிளம்பி வந்ததே மறந்துவிடுகிறது. "பங்சாரில் ஒரு மெக்சிகோ கடை இருக்கிறது, போவோமா மாமா?" என்று அக்கா மகள் கேட்டபோது முதலில் செருப்பை மாட்டியவன் நான்தான்.

எனக்கு ஒரு பழைய ஏக்கம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஹூஸ்டனில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பெட்ரோல் நிலையத்தின் ஓரம் நின்ற ஒரு வண்டிக்கடையில் சாப்பிட்டேன். ஓர் அம்மாள் மக்காச்சோள மாவை உருண்டை பிடித்து, அச்சில் வைத்து அழுத்தி, கல்லில் போட்டு டோர்டியா சுட்டுத் தந்தார். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தச் சுண்ணாம்பு வாடை அதில் லேசாக இருந்தது. பிரமை இல்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவிய பிறகுதான் மெக்சிகோவில் அரைக்கிறார்கள். அப்போதுதான் மாவு ஒன்றோடொன்று ஒட்டும். தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். மக்காச்சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் இந்தச் சுண்ணாம்பு வித்தையை அங்கேயே விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா என்னும் நோய் கண்டு, தோல் உரிந்து, புத்தி கலங்கிச் செத்தார்கள். ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பின் அருமை வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் பங்சார் அடுத்த நிறுத்தம். அதன் பிறகு மேடு, தூறல், அத்தானின் பேச்சு. பங்சார் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக, அதாவது ரப்பர் தோட்டமாக, இருந்தது என்றும், புங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயர்களை ஒட்டவைத்துத்தான் இந்தப் பெயர் வந்தது என்றும் சொன்னார். அவருடைய தாத்தா வேறொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அந்த மரமும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்ததுதானே என்றேன். பிரேசில் காட்டு விதை லண்டனில் முளைத்து, 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூரில் இறங்கிய கதையைச் சொன்னேன். "கப்பலில் மரம் வந்தது, அதை வெட்ட இன்னொரு கப்பலில் நாங்கள் வந்தோம்" என்று அத்தான் சிரித்தார். இந்த உரையாடல்தான் அன்றைய இரவின் உருப்படியான பகுதி. இதற்குப் பிறகு சாப்பாடு வந்துவிட்டது.

கடையின் பெயர் வேண்டாம். சுவரில் பெரிய தொப்பிகள், பூப்போட்ட மண்டையோடுகள், காதைக் கிழிக்கும் ஸ்பானியப் பாட்டு. பரிமாறிய நேபாளத் தம்பியிடம் மக்காச்சோள டோர்டியா இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தையே எடுத்துவந்து காட்டினார். கோதுமை. வட மெக்சிகோவில் கோதுமை டோர்டியாவும் உண்டு, அதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் தட்டில் வந்தது ஓரம் காய்ந்து நடுவில் குளிர்ந்திருந்த சப்பாத்தி. அக்கா அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தினம் இருபது சப்பாத்தி இடுகிறவரின் பார்வை அது. எதுவும் சொல்லாமல் கீழே வைத்தார்.

அதற்குள் கோழி இருந்தது. தக்காளி சாஸ் மட்டுமே அறிந்த கோழி.

குவாகமோலே என்றால் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டில் மொழியில் ஏறக்குறைய அவகாடோ சட்டினி என்று பொருள். அவகாடோ, எலுமிச்சை, உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் போதும். கெடுப்பதற்கு முயற்சி தேவை. இவர்கள் முயன்றிருந்தார்கள். மயோனைஸ் கலந்து, குளிர்பெட்டியில் எத்தனை நேரம் இருந்ததோ, மேலே பழுப்பு ஏறியிருந்தது. சல்சா என்று ஒரு கிண்ணம். அக்கா மகள் தொட்டு நாக்கில் வைத்ததும், "பாட்டிலில் விற்கிற இனிப்புச் சில்லி சாஸ் மாமா, தக்காளியை நறுக்கிப் போட்டிருக்கிறார்கள்" என்றாள். மிளகாயும் தக்காளியும் பிறந்த சமையலில் மிளகாயைக் காணோம். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து நம்மிடம் கொடுத்த அன்றே, மிளகைப் போன்ற காய் என்று மிளகாய் எனப் பெயர் வைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள் நாம். கேட்டால் ஒரு கைப்பிடி நானே கொடுத்திருப்பேன்.

கட்டணம் 164 வெள்ளி, அதாவது ரிங்கிட். அதன் தலையில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு வரியும் ஏறி 190ஐத் தாண்டியது. அத்தான் நான் பார்ப்பதற்குள் அட்டையை நீட்டிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாதிக்கு மேல் மீந்துபோன பீன்ஸ் மசியலை அக்கா விடவில்லை. "தப்பாவ் பண்ணிக் கொடுங்கள்" என்றார். பொட்டலம் கட்டுவதற்கு இங்கே எல்லா இனத்தாரும் புழங்கும் சொல் அது.

திரும்பும் வழியில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய் என்னும் பரோட்டா, ஒரு தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர். யாரும் பேசவில்லை. பசி.

மறுநாள் காலை சமையலறையில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா அந்த மசியலுக்குக் காய்ந்த மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார். வாசனை வீடு முழுக்கப் பரவியது. தோசையோடு வைத்தார். அத்தான் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை மெல்ல நகர்த்தினார். நானும்தான்.

"தாளித்தால் எதுவும் தேறிவிடும் என்று நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா நேற்றைய மீன்குழம்பை அடுப்பில் ஏற்றினார்.